பாடும் பிள்ளையும் கேட்கும் அவையும்



பழநியில் 1836இல் பிறந்த ஆண்குழந்தை ஒன்று மூன்றாம் அகவையில் அம்மை நோயால் கண்ணொளி இழந்தது. அதுவே பின்னாளில் மாம்பழக் கவிச்சிங்க நாவலராய் விளங்கியது. இராமநாதபுரத்துப் பொன்னுசாமித் தேவர் அவரைப் போற்றி ஆதரித்த வரலாற்றை இவ்வவையோர் நன்கறிவர். ஆயின் சேதுநாட்டு அவை அவரை ஏற்றபோது அவர் சிறுவர் அல்லர். ஏட்டைக் காண இயலாத அப்பிள்ளைக்கு அதற்கும் முன்பே எவரோ வாய்விட்டுப் படித்துக் காட்டியிருத்தல் வேண்டும். அது திருப்பிச் சொல்லியபோது பொறுமையோடு கேட்டுத் திருத்தியிருத்தலும் வேண்டும். அச்செவிகள் இல்லையேல் அரண்மனைக்கு ஒரு புலவர் கிடைத்திரார்.

பொன்னுசாமித் தேவரின் மைந்தர் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என அச்சங்கம் தேர்வுகளை வகுத்தது. வள்ளல் ஒருவரின் செவி செய்த பணியை அமைப்பொன்றின் வினாத்தாள் ஏற்றது இவ்வாறுதான். இதனால் ஆதாயம் மிகுதி. அரண்மனை வாயில் அறியாத எளியவர் பலர் முன்வர வழி பிறந்தது.

உலகெங்கும் இப்போக்கே வலுப்பெற்றது. இங்கிலாந்தில் மீத்திறன் பிள்ளைகளுக்கான தேசியச் சங்கம் 1967இல் தோன்றியது. 1975இல் இலண்டனில் கூடிய மாநாட்டிலிருந்து உலகப் பேரவை கிளைத்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜூலியன் ஸ்டேன்லி, கல்லூரி புகுவோர்க்குரிய கணிதத் தேர்வைப் பன்னிரண்டு, பதின்மூன்று அகவைச் சிறாரை எழுதச் செய்து அருந்திறனாளரைக் கண்டெடுத்தார். 1979இல் அவர்களுக்கெனத் தனி மையமும் எழுந்தது. கணிதத்திற்கு இம்முறை பொருந்தும். விடை ஒன்றே, அதனை எவர் திருத்தினும் மதிப்பெண் மாறாது.

கவிதைக்கு? தேசிய பால பவன் 1995இல் தொடங்கிய பாலஸ்ரீ விருது, படைப்பெழுத்தையும் நான்கு துறைகளுள் ஒன்றாகக் கொண்டமை பாராட்டுக்குரியது. நம் பள்ளிகளிலோ ‘மீத்திறன் மாணவர்’ என்னும் அழகிய சொல், மதிப்பெண் மிகப் பெறுவோர் என்ற அளவில் சுருங்கிக் கிடக்கிறது. தமிழக அரசு 2022இல் பதினொன்றாம் வகுப்பினர்க்குத் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வைக் கொணர்ந்தது. தேறும் 1,500 பேருக்குத் திங்கள்தோறும் 1,500 ரூபாய், ஈராண்டுகள். அவருட் பாதிப்பேர் அரசுப் பள்ளியினர். ஏழைப் பிள்ளைக்கு அத்தொகை பெரிது. ஆனால் தேர்வு, பத்தாம் வகுப்புப் பாடத்தினின்று எடுத்த கொள்குறி வினாக்களால் ஆனது. வெண்பா யாக்க வல்ல பிள்ளையும், வெண்பாவின் இலக்கணத்தை நெட்டுருச் செய்த பிள்ளையும் அங்கே ஒரே கட்டத்தைத்தான் கருமையாக்குவர். தளைதட்டாது பாடும் நாவை அக்கட்டம் எவ்வாறு அறியும்? இன்றொரு மாம்பழம் பழநியில் பிறந்தால், சொல்வதை எழுதித்தர அரசு ஆளைத் தரும். பாடுவதைக் கேட்க ஆளைத் தராது.

அது இலக்கிய வட்டங்களின் பணி; பத்தாண்டு கண்ட வட்டத்திற்குக் கடமையுமாகும். செலவும் மிகுதியன்று. திங்கட் கூட்டத்தில் மூத்த கவிஞர்கள் ஏறுமுன், சுற்றூர்ப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு ஈற்றடி ஒன்று கொடுத்துப் பத்து மணித்துளி ஒதுக்கலாம். சீர் பிறழ்ந்தால் கைதட்டலால் மூடிவிடாமல், அப்பிள்ளையை அருகழைத்து அவ்விடத்தைச் சுட்டிக்காட்டி, அடுத்த திங்களும் வரச் சொல்லலாம். பார்வையற்ற பிள்ளையாயின், வாரம் ஒருநாள் வீடு சென்று நூல் படித்துக் காட்ட உறுப்பினர் இருவர் இன்றே பெயர் தரலாம்.