கேம்ப்புக்கு அனுப்புங்கள்



சீருடையில் விறைப்பாக அமர்ந்திருக்கும் கேடட் பிள்ளைகளைப் பாராட்டத்தான் என்னை அழைத்தார்கள். நான் பேச விரும்புவது அவர்களுடைய அம்மா அப்பாவிடம்.

இன்று உங்கள் பிள்ளை வாங்கப்போகும் 'சி' சான்றிதழை வெறும் காகிதம் என்று நினைத்துவிடாதீர்கள். குன்ஸ்ரு குழுவின் பரிந்துரைப்படி 1948-ல் சட்டம் இயற்றித் தொடங்கிய தேசிய மாணவர் படையில், 'பி' சான்றிதழ் பெற்றவர்கள் அடுத்து எழுதும் தேர்வில் கிடைப்பது இது. எழுத்துத் தேர்வோடு முடிகிற காரியமும் இல்லை. பரேடுக்கு ஒழுங்காக வந்திருக்க வேண்டும், கேம்ப் முடித்திருக்க வேண்டும், அணிநடையையும் ஆயுதப் பயிற்சியையும் அதிகாரி முன் செய்து காட்ட வேண்டும். தரையில் படுத்து, பாயின்ட் டூ டூ துப்பாக்கியைத் தோளில் இறுக்கி, மூச்சை அடக்கி விசையை அழுத்துகிறாளே, அந்தப் பெண்ணை ஒரு நாள் நேரில் பாருங்கள். வீட்டில் நாம் பார்க்கும் பிள்ளைதானா என்று மலைத்துப் போவீர்கள்.

ஜனவரியில் டெல்லி கரியப்பா மைதானத்தில் குடியரசு தின முகாம் நடக்கிறது. முதலிடம் பெறும் மாணவர் படை இயக்ககத்துக்குப் பிரதமர் கொடி. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் டெல்லிக்குச் சிலர்தான் போக முடியும். 'சி' சான்றிதழ் அப்படியில்லை. உழைத்தால் இந்த வரிசையில் இருக்கும் அத்தனை பேரும் வாங்கலாம். அதனால்தான் என் கணக்கில் இதுவே பெரிய விருது. நல்ல கிரேடும் பட்டப்படிப்பில் உரிய மதிப்பெண்ணும் இருந்தால், ராணுவ அதிகாரி பணிக்கு எழுத்துத் தேர்வு இல்லாமலே நேர்முகத் தேர்வு வாரியத்தின் முன் போய் நிற்கலாம். தேறியவர்களுக்குப் பயிற்சி வேறெங்கோ இல்லை, பெரும்பாலும் நம் பரங்கிமலையில்தான்!

இவ்வளவு இருந்தும் பிள்ளைகள் எங்கே நின்றுவிடுகிறார்கள்? கேம்ப்பில். "வயசுப் பொண்ணை பத்து நாள் வெளியே விடுறதா?" என்று வீடு தடுக்கிறது. மாணவியர் பிரிவு 1949-லேயே வந்துவிட்டதம்மா! தங்குமிடம் தனி, கூடவே பெண் அலுவலர்கள் இருக்கிறார்கள். மகனை அனுப்பும் வீடு மகளை ஏன் நிறுத்த வேண்டும்?

கல்லூரி முதல்வர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கேம்ப் போன நாட்களுக்கு வருகைப் பதிவு கொடுங்கள். தவறிய உள்தேர்வை மறுபடி நடத்துங்கள். நாட்டுக்காகப் பயிற்சி எடுக்கும் பிள்ளை மதிப்பெண்ணை இழக்கக் கூடாது.

அம்மா, அப்பா, அடுத்த கேம்ப்புக்கான ஒப்புதல் படிவம் வீட்டுக்கு வரும். தயங்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவையுங்கள்.