சிற்றுண்டி யாத்திரை

யாத்திரை என்றால் காசிக்கும் இராமேசுவரத்துக்கும் போவதுதான் என்று எண்ணும் குடும்பத்திலே பிறந்தவன் நான். அப்படிப்பட்டவன், சென்ற மார்கழியில் ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, இட்டிலி தின்பதற்காக முன்பணம் கட்டி, ஒரு வழிகாட்டியின் பின்னே வரிசையாக நடந்து சென்றேன் என்றால் நேயர்களுக்கு நகைப்பு உண்டாகலாம். நகைப்பதில் குற்றமில்லை. முதலில் நகைத்தவன் நானேதான்.

நடந்தது இதுதான். என் தமக்கையின் மகன் ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கென்று திருநெல்வேலியிலிருந்து பெங்களூருக்கு வந்திருந்தான். தேர்வு முடிந்ததும், "மாமா, இந்த ஊரிலே நல்ல பலகாரம் எங்கெங்கே கிடைக்கும்? ஊருக்குத் திரும்புவதற்குள் நீங்கள் எனக்குக் காட்ட வேண்டும்" என்றான். நான் மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். இவ்வூரில் குடியேறி 11 ஆண்டுகள் ஆகின்றன. வீட்டிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து வீடு என்று செக்குமாடு போலச் சுற்றியதைத் தவிர, ஊரை நான் அறிந்தேனில்லை. நான் விழித்த விழிப்பைப் பார்த்த மருமகன் தன் கைப்பேசியை நான்கு முறை தட்டினான். "நம் இருவருக்கும் இடம் பதிவு செய்துவிட்டேன், மாமா. ஒருவர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவாராம்" என்றான். கட்டணத் தொகையை நான் இங்கே சொல்லப் போவதில்லை. என் தமக்கையும் வானொலி கேட்பவள்.

இவ்வாறு உண்டுகொண்டே ஊர் பார்க்கும் வழக்கம் மேனாட்டில் பெரிதும் பரவியிருக்கிறது. ஸ்பெயின் தேசத்தில் 'தபாஸ்' என்று சிறு சிறு தட்டுகளில் பண்டங்களை வைத்துக் கொடுப்பார்கள். 'தபா' என்றால் மூடி என்று பொருள். ஒரு கடையில் ஒரு தட்டு, ஒரு கிண்ணம் பானம். பிறகு எழுந்து அடுத்த கடைக்கு நடை. ஸான் செபஸ்தியான் என்ற கடற்கரை நகரத்தில் ரொட்டித் துண்டின்மேல் பண்டத்தை வைத்துக் குச்சியால் குத்தி வைப்பார்கள். தின்றபின் குச்சிகளை எண்ணிக் காசு வாங்கும் வழக்கமும் உண்டு. அந்நாட்டார் தங்களுக்குள் நண்பர்களோடு செய்து வந்த காரியம் இது. பின்னாளில் வெளியூரார் வந்து, வழிகாட்டிக்குக் கூலி கொடுத்து, அதே நடையை நடக்கலாயினர். அந்த வழக்கம் இப்பொழுது பசவனகுடிக்கும் வந்துவிட்டது.

எங்கள் குழுவில் எட்டுப் பேர். வழிகாட்டி ஒரு கன்னட இளைஞர். கல்வியும் நகைச்சுவையும் உடையவர். நந்தி கோயிலின் அருகே எங்களை நிறுத்தி, ஊரின் பெயர்க் கதையிலிருந்து தொடங்கினார். காட்டில் வழி தவறி வந்த வீரபல்லாளன் என்னும் ஹொய்சள மன்னனுக்கு ஒரு கிழவி வேகவைத்த பயற்றைக் கொடுத்துப் பசி தீர்த்தாளாம். அதனால் ஊர் 'பெந்த காளூரு' ஆயிற்றாம். வெந்த பயற்றூர் என்பது பொருள். ஆனால், பேகூரில் கிடைத்துள்ள சுமார் கி.பி. 890ஆம் ஆண்டைச் சேர்ந்த வீரக்கல் கல்வெட்டிலேயே பெங்களூர் என்ற பெயர் வந்துவிடுகிறது. ஆகவே பல்லாளன் பிறப்பதற்கு முன்பே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறது. கதை உண்மையன்று. ஆனால் பிறந்த நாள் தெரியாத ஊர், தன் பெயரைப் போரோடும் பொன்னோடும் சேர்க்காமல், ஒரு கிழவியின் அடுப்போடு சேர்த்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

பசவனகுடி எழுந்த கதையும் அறியத் தக்கது. 1898இல் பிளேக் நோய் பெங்களூர்ப் பேட்டையைச் சூறையாடிற்று. நெருக்கமான தெருக்களிலிருந்து மக்களை வெளியேற்றிக் காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்தில் குடியமர்த்த வேண்டியதாயிற்று. அவ்வாறு வளர்ந்த புறநகர்களே பசவனகுடியும் மல்லேசுவரமும். புதிய தெருக்களில் குடியேறிய உத்தியோகஸ்தர்களும் மாணவர்களும் காலைப் பலகாரத்துக்குக் கடை தேடினர். கடை வைத்தவர்களில் பெரும்பாலோர் உடுப்பிக் கடற்கரையிலிருந்து வந்தவர்கள். நம் சென்னையில் 1938இல் உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் தொடங்கிய கிருஷ்ண ராவும் அந்தக் கரையைச் சேர்ந்தவர்தாம். நாம் நம்முடையவை என்று மார்தட்டும் சிற்றுண்டிகளில் அந்தக் கடற்கரைக்கும் பங்கு உண்டு.

முதலிலே சங்கரபுரத்தில் 1965இல் தொடங்கிய பிராமின்ஸ் காப்பி பார். சிறிய கடை. இட்டிலி, வடை, காராபாத், கேசரிபாத், காப்பி, தேநீர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பண்டங்கள். சாம்பார் கிடையாது, சட்டினி மட்டுமே. தட்டைக் கையிலேந்தி நின்றுகொண்டே உண்ண வேண்டும். சாம்பார் இல்லாத இட்டிலியை மருமகன் சந்தேகத்தோடு பார்த்தான். மூன்றாம் முறை சட்டினிக்குக் கை நீட்டியபோது சந்தேகம் தீர்ந்திருந்தது.

இங்கேதான் என் தொழில் தலையெடுத்தது. காராபாத் என்பது நம் வீட்டு ரவை உப்புமாவின் உறவு. 'பாத்' என்பது மராட்டியில் சோற்றைக் குறிக்கும் சொல். ஆனால் இந்தப் பாத்திலே ஓர் அரிசியும் இல்லை! காரமும் இனிப்பும் ஒரே தட்டில் வந்தால் அது 'சௌசௌ பாத்'. இதை எப்படி மொழிபெயர்ப்பது? நான் வழிகாட்டியைக் கேட்டேன். அவர், "ஐயா, நாங்கள் மொழிபெயர்ப்பதில்லை, தின்றுவிடுகிறோம்" என்றார். 20 ஆண்டு உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த நல்ல தீர்ப்புகளில் அது ஒன்று.

பிறகு காந்தி பஜார். 1943இல் தொடங்கிய வித்யார்த்தி பவன் அங்கே உள்ளது. பெயரே சொல்வது போல், மாணவர்களுக்கென்று வைத்த சாப்பாட்டுக்கடை அது. சுவரெங்கும் கன்னட எழுத்தாளர்களின் உருவப் படங்கள். பரிசாரகர் ஒருவர் தோசைத் தட்டுகளை முழங்கை வரை அடுக்கிக்கொண்டு வருவதைப் பார்ப்பதே ஒரு வித்தை. இந்தப் பகுதியில் வாழ்ந்த பெரியோர்களுள் மாஸ்தி வெங்கடேச ஐயங்காரும் ஒருவர். வீட்டில் தமிழ் பேசும் குடும்பத்திலே பிறந்து, கன்னடச் சிறுகதைக்குத் தந்தை என்று போற்றப்பெற்று, 'சிக்கவீர ராஜேந்திர' என்ற நாவலுக்காக 1983இல் ஞானபீடப் பரிசு பெற்றவர். அவருடைய பெயரைக் கேட்டபோது என் உள்ளத்தில் ஏதோ உறுத்திற்று. அது என்னவென்று அப்போது விளங்கவில்லை.

விசுவேசுவரபுரத்துக்கு நடந்தோம். அங்கே 'திண்டி பீதி' என்றொரு தெரு இருக்கிறது. மாலையில்தான் அது கண் விழிக்கும். மார்கழி, தை மாதங்களில் ஊரெங்கும் அவரைக்காய் மணக்கும். தோல் பிதுக்கிய அவரைப் பருப்பைக் கன்னடத்தார் 'ஹிதுக்கித பேளே' என்கிறார்கள். வட ஆர்க்காட்டுப் பக்கத்தார் பிதுக்கம் பருப்பு என்பார்களே, அதுதான்! பழங்கன்னடத்தில் பகரமாக இருந்தது பின்னாளில் ஹகரமாயிற்று. பால் ஹாலு ஆயிற்று; புளி ஹுளி ஆயிற்று; பல் ஹல்லு ஆயிற்று. இந்த ஒரு சாவியைக் கையில் வைத்துக்கொண்டால் பாதிப் பூட்டுகள் திறந்துவிடும். 11 ஆண்டுகளாக அந்தச் சாவி என் சட்டைப்பையிலேயே கிடந்திருக்கிறது.

லால்பாக் அருகே மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்னும் எம்.டி.ஆர். வாசலில் பெருங்கூட்டம். ஆகவே வெளியில் நின்று கதை மட்டும் கேட்டோம். 1924இல் உடுப்பிப் பக்கத்து மையா சகோதரர்கள் தொடங்கிய கடை அது. இரண்டாம் உலகப் போரில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ரவையைக் கொண்டு இட்டிலி வார்த்துப் பார்த்தார்களாம். அதுவே ரவா இட்டிலி என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. 1951இல் யக்ஞநாராயண மையா ஐரோப்பாவுக்குச் சென்று அங்குள்ள உணவு விடுதிகள் எப்படி நடக்கின்றன என்று பார்த்து வந்தார். பாத்திரங்களைக் கொதிநீராவியில் தூய்மை செய்யும் முறை முதலியவற்றை இங்கே கொண்டுவந்தார். மேனாட்டார் நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளைச் சுற்றிப் பார்க்க வருவதற்கு நெடுங்காலம் முன்னரே, நம் ஹோட்டல்காரர் ஒருவர் அவர்களுடைய கடைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்! 1975இல் நெருக்கடி நிலைக் காலத்தில் பண்டங்களுக்குக் குறைந்த விலை விதிக்கப்பட்டபோது, தரத்தைக் குறைக்க மனமின்றிக் கடையை மூடிவிட்டு, மாவையும் பொடியையும் பொட்டலமிட்டு விற்றார்கள் என்பதும் அதே வரலாற்றின் பகுதி.

இனிச் சொல்லப்போகும் ஹோட்டலின் பெயரை மட்டும் நான் சொல்லப் போவதில்லை. காரணம் தானே விளங்கும். அது எங்கள் நடையின் கடைசி இடம். காப்பி குடிக்கும் இடம். பாபா புதன் என்ற பெரியார் 17ஆம் நூற்றாண்டில் அரபு நாட்டிலிருந்து ஏழு கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையிலே நட்டார் என்பது மரபு. இன்று இந்தியாவில் விளையும் காப்பியில் ஏறக்குறைய 70 விழுக்காடு கர்நாடகத்தில் விளைகிறது. அந்தக் காப்பியைப் பகிர்ந்து குடிக்க இவ்வூரார் ஓர் அரிய வழி கண்டிருக்கிறார்கள். 'பை டூ' என்று சொன்னால் ஒரு காப்பியை இரண்டு தம்ளர்களில் ஊற்றிக் கொடுப்பார்கள். பாதிக் காசு என்பது அதன் கணக்கு. இன்னொருவரோடு அமர ஒரு சாக்கு என்பது அதன் உட்பொருள்.

வழிகாட்டி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் எட்டு இடங்கள் எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. அமர்ந்தோம். அப்போது வாசலருகில் ஒரு முதியவர், குடையை ஊன்றியபடி நின்று, நான் அமர்ந்திருந்த மூலை நாற்காலியையே நோக்கிக்கொண்டிருந்தார். அது அவர் வழக்கமாக அமரும் இடம் என்பதைச் சொல்ல எவரும் வேண்டியதில்லை. நான் எழுந்தேன். 'உட்காருங்கள்' என்று சொல்ல வேண்டும். கன்னடத்தில் அதற்குக் 'குளிதுகொள்ளி' என்பார்கள் என்று படித்திருக்கிறேன். நம் காதுக்கு அது 'குளித்துக்கொள்' என்று ஒலிக்கும். தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சத்தில் நா எழவில்லை. ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "பரவாயில்லை, நீங்க குடிச்சு முடியுங்கோ. சனி, ஞாயிறு நான் வராமல் இருக்கப் பழக வேண்டியதுதான்" என்று தமிழிலே சொன்னார், மெல்லத் திரும்பிப் படியிறங்கிப் போனார்.

குறை சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. அதுவே என்னைச் சுட்டது. 2024இல் ஸ்பெயினின் பார்சிலோனா நகரத்து மக்கள், தங்கள் தெருக்களை நிறைத்த வெளியூர்ப் பயணிகள் மீது விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சித் தங்கள் மனக்குறையைக் காட்டினார்கள். அச்செய்தியைப் படித்து அன்று சிரித்தேன். இப்பொழுது தண்ணீர் பீய்ச்சுவார் இல்லாமலே நனைந்துவிட்டேன். வழிகாட்டியைக் குறை கூற மாட்டேன். அவரால்தான் நான் ஊரைப் பார்த்தேன். புதியவர்கள் வராவிட்டால் பழைய கடைகளில் சில மூடிப்போகும் என்பதும் மெய்தான். ஆயினும் ஒருவருடைய அன்றாடத்தை மற்றொருவர் காட்சியாக்கும்போது நாற்காலி ஒன்று கைமாறுகிறது.

அதைவிட மேலாக, காலையில் உறுத்தியது என்னவென்று அப்போது புலப்பட்டது. முதியவர் என் முகத்தைப் பார்த்து என் மொழிக்கு வந்தார். காய்காரம்மாள், ஆட்டோ ஓட்டுநர், அலுவலகச் சிப்பந்தி என்று 11 ஆண்டுகளாக எல்லாரும் என் மொழிக்கு வந்துகொண்டேயிருந்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான், அவர்கள் மொழிக்கு ஒரு நாளும் போனேனில்லை. அவர்களுடைய தாராளத்தை என் சௌகரியமாக எண்ணிக்கொண்டேன்.

மருமகனை அன்றிரவு ரயிலேற்றிவிட்டேன். "வேலை கிடைத்தால் முதலில் கன்னடம் படித்துக்கொள்" என்றேன். "நீங்கள், மாமா?" என்று கேட்டான்.

அடுத்த புதன்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த ஹோட்டலுக்குத் தனியாகப் போனேன். மூலை நாற்காலியில் முதியவர் அமர்ந்திருந்தார். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. வழியெல்லாம் உருப்போட்டு வந்த வாக்கியத்தைப் பரிசாரகரிடம் சொன்னேன்: "ஒந்து காப்பி கொடி, பை டூ." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பை டூவா சார்? உங்களோட யார் வந்திருக்காங்க?" என்று தூய தமிழ்நாட்டுத் தமிழில் கேட்டார். எனக்கு வேர்த்துவிட்டது. முதியவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பரிசாரகருக்குக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். பிறகு எதிர் நாற்காலியைக் கையால் காட்டி, ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்தி, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "கு-ளி-து-கொள்-ளி."

நான் உட்கார்ந்தேன். காப்பி இரண்டு தம்ளர்களில் வந்தது.