கொள்ளைநோய்க் காலத்தில் மனநல அவசர சிகிச்சை

ஒரு நாட்டின் மருத்துவ ஏற்பாடுகள் எத்தகையவை என்பதைச் சாதாரண நாட்களைக் காட்டிலும் கொள்ளைநோய் பரவும் நாட்களே தெளிவாக உணர்த்துகின்றன. 2020-ஆம் ஆண்டில் பரவத் தொடங்கிய கோவிட் நோய், படுக்கைகள், பிராணவாயு, மருந்துகள், பணியாளர் ஆகியவற்றில் இருந்த பற்றாக்குறையை வெளிப்படுத்தியது. இவை பற்றி நாடெங்கும் பேசப்பட்டது. ஆனால், போதிய கவனம் பெறாத குறை ஒன்றும் இருந்தது. திடீரென மனம் நிலைகுலைந்து, தம் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து நேரக்கூடிய நிலையில் இருப்பவருக்கு உடனடிச் சிகிச்சை எங்கே கிடைக்கும்? இக்கேள்விக்குப் பெரும்பாலான சிற்றூர்களில் விடை இல்லை.

இந்த உண்மையைத் தொடக்கத்திலேயே உணர்த்திய பகுதிகளுள் ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டம் ஒன்றாகும். திருப்பதியும் அப்போது அம்மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது. 2022 ஏப்ரல் 4-ஆம் நாள்தான் திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

நோய்க்கு முன் வந்த அச்சம்

2020 பிப்ரவரியில் அம்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நடுத்தர வயதினர் ஒருவர் உடல்நலக் குறைவுக்காகத் திருப்பதி சென்று மருத்துவரைக் கண்டு திரும்பினார். வைரஸ் தொற்று என்று அங்குக் கூறப்பட்டதை, சீனாவிலிருந்து வந்துகொண்டிருந்த செய்திகளோடும் காட்சிகளோடும் அவர் பொருத்திப் பார்த்தார். புதிய நோய் தம்மைப் பற்றிக்கொண்டது என்று உறுதியாக நம்பினார். குடும்பத்தினரும் ஊராரும் தம்மை நெருங்கலாகாது என விலக்கினார். இறுதியில், தம்மால் மற்றவர்களுக்கு நோய் வரக்கூடாது என்று எண்ணித் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்நாளில் இந்தியா முழுவதிலும் கண்டறியப்பட்டிருந்த கோவிட் நோயாளிகள் 3 பேர் மட்டுமே. மூவரும் கேரளத்தைச் சேர்ந்தவர்கள். ஆந்திரப் பிரதேசத்தின் முதல் நோயாளி நெல்லூரில் கண்டறியப்பட்டது மார்ச் 12-ஆம் நாள். கிருமி மாவட்டத்தை எட்டுவதற்கு ஒரு மாதம் முன்பே, அதைப் பற்றிய அச்சம் ஓர் உயிரைக் கொண்டுசென்றுவிட்டது. கொள்ளைநோய்க்கான ஆயத்தம் மருத்துவமனைப் படுக்கையோடு தொடங்குவதன்று, மக்களின் மனநிலையைக் கவனிப்பதோடு தொடங்குவது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

அவசரநிலை எவ்வாறு எழுகிறது?

மனநோய் என்பது பல ஆண்டுகள் நீடிப்பது, எனவே அதில் அவசரம் ஏதும் இல்லை என்ற கருத்து மக்களிடையே உண்டு. இது தவறான கருத்தாகும். மாரடைப்பைப் போலவே மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய நிலைகள் மனநல மருத்துவத்திலும் உள்ளன. கொள்ளைநோய் அவற்றைப் பல வழிகளில் பெருக்குகிறது.

முதலாவது, அச்சமும் துயரமும் முற்றிய நிலை. வேலை இழப்பு, தனிமை, உறவினர் மரணம் ஆகியவை தற்கொலை எண்ணத்தைத் தூண்டுகின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2019-இல் 1,39,123 ஆக இருந்த தற்கொலை மரணங்கள், 2020-இல் 1,53,052 ஆகவும், 2021-இல் 1,64,033 ஆகவும் உயர்ந்தன. இவ்வுயர்வு அனைத்திற்கும் கொள்ளைநோயே காரணம் என்று கூற இயலாது. எனினும், அதனைப் புறக்கணிக்கவும் இயலாது.

இரண்டாவது, மது திடீரெனக் கிடைக்காமற் போவதால் விளையும் நிலை. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது மதுக்கடைகளும் மூடப்பட்டன. நெடுநாள் குடிப்பழக்கம் உடையவர் திடீரென நிறுத்தும்போது, முதல் நாளிலேயே நடுக்கமும் வியர்வையும் உண்டாகலாம். வலிப்பும் வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்குச் சித்தம் தடுமாறி, இல்லாதவை கண்ணுக்குத் தோன்றும். சிகிச்சை இல்லையேல் இந்நிலை உயிருக்கே ஆபத்தாகும். லோரசெபாம் போன்ற மருந்தும், தயமின் எனப்படும் வைட்டமின் பி-1 ஊசியும், முறையான கவனிப்பும் இருந்தால் பெரும்பாலோர் பிழைத்துவிடுவர். அவை கிட்டாதவர்கள் வேறு வழிகளை நாடினர். பிரகாசம் மாவட்டத்துக் குரிச்சேடு என்னும் ஊரில் 2020 ஜூலை இறுதியில் கைகழுவும் கிருமிநாசினியைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தது இதற்கு வேதனையான எடுத்துக்காட்டு.

மூன்றாவது, கோவிட் நோயே மூளையைப் பாதிக்கும் நிலை. இரத்தத்தில் பிராணவாயு குறையும்போது நோயாளி குழம்புகிறார், கூச்சலிடுகிறார், முகமூடியைப் பிடுங்கி எறிகிறார். இதனை வெறும் பிடிவாதம் என்றோ பைத்தியம் என்றோ கருதி மயக்க மருந்து கொடுத்துவிட்டால் ஆபத்து மிகும். முதலில் பிராணவாயு அளவையும் சர்க்கரை அளவையும் காண வேண்டும். கோவிட் சிகிச்சையில் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மருந்துகளும் சிலருக்கு மனக்கிளர்ச்சியை உண்டாக்கும். எனவே மனநல மருத்துவரும் பொது மருத்துவரும் ஒரே கட்டிலின் அருகில் நின்று பணிபுரிய வேண்டியுள்ளது.

நான்காவது, ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்களுக்கு மருந்து தடைப்படுதல். பேருந்து ஓடாத நாட்களில் மாதாந்திர மருந்து தீர்ந்துபோனால், அடங்கியிருந்த நோய் மீண்டும் தலைதூக்குவது இயல்பு. உலக சுகாதார நிறுவனம் 130 நாடுகளில் எடுத்து 2020 அக்டோபரில் வெளியிட்ட கணக்கெடுப்பில், 93 சதவீத நாடுகளில் இன்றியமையாத மனநலப் பணிகள் தடைப்பட்டன என்று தெரியவந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நாடுகளில் அவசர சிகிச்சையே தடைப்பட்டது.

தொலைவும் எல்லையும்

ஆந்திரப் பிரதேச அரசின் மனநல மருத்துவமனை விசாகப்பட்டினத்தில் உள்ளது. திருப்பதியிலிருந்து அது 700 கிலோமீட்டருக்கும் அப்பால். கிளர்ச்சி நிலையில் உள்ள ஒருவரை அத்தொலைவு கொண்டுசெல்வது சாதாரண நாட்களிலேயே அரிது. சித்தூர் மக்களுக்கு அருகில் உள்ளது தமிழ்நாட்டின் வேலூர். அங்குக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-ஆம் ஆண்டு பாகாயத்தில் தொடங்கப்பட்டது. நோயாளியோடு உறவினரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்குபெறும் முறைக்கு அது பெயர் பெற்றது. ஆனால், 2020 ஏப்ரல் இறுதியில் வேலூர் – சித்தூர் எல்லைச் சாலைகள் இரண்டின் குறுக்கே சுவரே எழுப்பப்பட்டது. கண்டனம் எழுந்ததும் அச்சுவர்கள் அகற்றப்பட்டன. எனினும், மாநில எல்லைக்கு அப்பாலுள்ள மருத்துவமனையை மட்டும் நம்பியிருப்பது எத்துணை நிலையற்றது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

எஞ்சியது திருப்பதி. 1960-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியும், அதனைச் சார்ந்த ரூயா அரசுப் பொது மருத்துவமனையும் அங்கு உள்ளன. கொள்ளைநோய் உச்சத்தில் இருந்தபோது நகரின் பெரிய மருத்துவமனைகள் கோவிட் நோயாளிகளால் நிறைந்தன. 2021 மே 10-ஆம் நாள் ரூயா மருத்துவமனையில் பிராணவாயு அழுத்தம் குறைந்ததில் 11 பேர் உயிரிழந்தனர் என அரசு அறிவித்தது. அத்தகைய இரவுகளில் கண்முன்னே உறவினரைப் பறிகொடுத்தவர்களும், காப்பாற்ற முடியாமல் நின்ற செவிலியரும் மருத்துவரும் மனத்தளவில் எத்தகைய காயம் அடைவர் என்பதை விளக்கத் தேவையில்லை. அவர்களும் இச்சிகிச்சைக்கு உரியவர்களே.

சட்டம் தரும் வழி

இவ்விடத்தில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கவனிக்கத்தக்கது. அதன் 94-ஆம் பிரிவு, அவசரநிலையில் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் மனநோயாளிக்குச் சிகிச்சை அளிக்கலாம் என்கிறது. அதற்கு மனநல மருத்துவராக இருத்தல் வேண்டும் என்பதில்லை. உயிருக்கு ஆபத்து, உடல்நலத்திற்கு மீளாத் தீங்கு, தமக்கோ பிறருக்கோ கடுங்காயம், பொருளுக்குப் பெருஞ்சேதம் ஆகியவற்றைத் தடுப்பதற்காக இவ்வுரிமை வழங்கப்பட்டுள்ளது. நோயாளியின் சார்பாளர் அருகில் இருந்தால் அவருடைய ஒப்புதலைப் பெற வேண்டும். சிகிச்சைக்கு 72 மணி நேரம் வரம்பு. அரசு அறிவித்த பேரிடர்க் காலத்தில் இவ்வரம்பை 7 நாட்கள் வரை நீட்டிக்கலாம். மின்னதிர்ச்சிச் சிகிச்சையை அவசர சிகிச்சையாக அளிக்கலாகாது.

உடல்நோயாளிக்கு உள்ள அதே தரத்தில் அவசர வசதியும் ஆம்புலன்ஸ் வசதியும் மனநோயாளிக்கும் உரியவை என்று 21-ஆம் பிரிவு கூறுகிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் 115-ஆம் பிரிவு விதிக்கிறது. ஆகவே, சட்டத்தில் குறை பெரிதாக இல்லை. அச்சட்டம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாயிலை எட்டியதா என்பதே கேள்வி.

செய்ய வேண்டியவை

மனநல அவசர சிகிச்சை, தொலைவிலுள்ள ஒரு நிலையத்தில் அல்ல, நோயாளிக்கு மிக அருகிலுள்ள மருத்துவமனை வாயிலிலேயே கிடைக்க வேண்டும். 1982-இல் தொடங்கப்பட்ட தேசிய மனநலத் திட்டமும், 1996-இல் தொடங்கப்பட்ட மாவட்ட மனநலத் திட்டமும் இந்நோக்கத்தையே கொண்டவை. ஒவ்வொரு வட்டார மருத்துவமனையிலும் இன்றியமையாத சில மருந்துகளின் இருப்பு, அவற்றைப் பயன்படுத்தப் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர், உறவினர் ஒருவர் உடனிருக்கத்தக்க ஓர் அமைதியான அறை ஆகிய மூன்றும் இருந்தால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

தொலைபேசி வழிச் சிகிச்சை மற்றொரு துணையாகும். 2020 மார்ச் 25-ஆம் நாள் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள், நேரில் வர இயலாத நோயாளிகளுக்கு மருந்து எழுதித் தர வழிவகுத்தன. 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பட்ட டெலி மானஸ் பணியை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ், தெலுங்கு உள்ளிட்ட பல மொழிகளில் அங்கு ஆலோசனை பெறலாம். சித்தூர் போன்ற இருமொழிப் பகுதிக்கு இது பெரிதும் பயன்படும். எனினும், தொலைபேசி அறிவுரை சொல்லும், ஆனால் ஊசி போடாது. அழைப்பின் மறுமுனையில் இருப்பவர் நோயாளியை அனுப்புவதற்கு அருகில் ஒரு மருத்துவமனை இருந்தாக வேண்டும்.

கிராமத்தில் முதலில் செய்தி அறிபவர் ஆஷா பணியாளரே. காய்ச்சல் உண்டா என்று வீடுதோறும் கேட்கும் அவர், உறக்கம் உண்டா, உணவு செல்கிறதா, யாரேனும் கதவை அடைத்துக்கொண்டு தனித்திருக்கிறாரா என்று மேலும் சில கேள்விகளைக் கேட்கப் பழகுவாராயின், அடுத்த கொள்ளைநோய் வரும்போது பல உயிர்களைக் காக்க முடியும். இப்பயிற்சியைக் கொள்ளைநோய் வந்தபின் அளிக்க இயலாது. இப்போதே அளிக்க வேண்டும்.