ஈட்டி மரக் கிண்ணமும் காப்பி நிறத் தண்ணியும்

இந்த வாரம் கோடிங் இல்ல, ஒரு மரக் கிண்ணத்தோட கதை.

போன டிசம்பர்ல ஏற்காடு போயிருந்தேன். ஒரு கடையில "ஈட்டி மரத்துல இருக்கா?"ன்னு கேட்டேன். "அசல் ஈட்டி சார்"னு ஒரு கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தாங்க. அம்மாவுக்குப் பரிசு. அம்மா கழுவினாங்க; தண்ணி காப்பி நிறமா ஓடுச்சு. சாயம்!

சேலத்துல தெரிஞ்ச கடைசல்காரர் ஒருத்தர்கிட்ட காட்டினேன். அடியைச் சுரண்டினார். வெளிர் கட்டை, அதுல பளபளன்னு ரேகை. "சில்வர் ஓக், தம்பி." சேர்வராயன் மலையில காப்பிக்கு நிழல் தர வளர்க்கிற மரம், பூர்வீகம் ஆஸ்திரேலியா.

"அசல் எங்கண்ணே கிடைக்கும்?"னு கேட்டேன். அவர் தரையைக் காட்டினார். கணுக்கால் வரைக்கும் மரச்சுருள். "கிண்ணம் கடைஞ்சா கட்டையோட உள்பக்கம் பூரா இப்படித்தான் போகும். ஈட்டியையும் இப்படிச் சீவித் தள்ளணுமா?"

அப்புறம்தான் படிச்சேன். ஈட்டி, அதாவது தோதகத்தி, மெதுவா வளர்ற மரம். பட்டா நிலத்துல நின்னாலும் அனுமதி இல்லாம வெட்டக் கூடாதுன்னு 1994-ல தமிழ்நாடு தனிச்சட்டமே கொண்டுவந்தது. 2017-லேர்ந்து அந்த டால்பெர்ஜியா இனம் முழுக்க சைட்டிஸ் ஒப்பந்தத்தோட வணிகக் கட்டுப்பாட்டுல இருக்கு.

கடைக்காரர் பொய் சொன்னது தப்புதான். ஆனா அந்தப் பொய்யை வரவழைச்சது என் கேள்வி. நிஜமாவே ஈட்டி கொடுத்திருந்தா, அது எங்க வெட்டினதுன்னு நான் கேட்டிருப்பேனா? கேட்டிருக்க மாட்டேன்.

சில்வர் ஓக்குன்னே சொல்லி, சாயம் பூசாம விக்கிற கிண்ணம் கிடைச்சா வாங்குங்க. என் கிண்ணத்துல அம்மா இப்போ சாவி போட்டு வைக்கிறாங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.