கால் பேஸில், உடல் ஓட்டத்தில்



சாஃப்ட்பாலில் முதல் பேஸில் நிற்கும் பெண், மட்டையில் பந்து படுமா படாதா என்று காத்திராமல், பிட்சர் பந்தை விட்டதுமே இரண்டாவது பேஸை நோக்கிப் பாய்வதை 'ஸ்டீல்' என்கிறார்கள். வேகமான கால்கள் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். புறப்படும் விதம்தான் அதைவிட முக்கியம் என்பது என் திடமான எண்ணம்.

கணக்கைப் பாருங்கள். பெண்களுக்கான சர்வதேச ஆட்டத்தில் பிட்சர் நிற்பது ஹோம் பிளேட்டிலிருந்து 43 அடியில். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, அரை விநாடிக்குள் கேட்சர் கைக்குப் போய்விடும். அங்கிருந்து இரண்டாவது பேஸ் சுமார் 85 அடி. நல்ல கேட்சர் பந்தைப் பிடித்து எறிந்து அங்கே சேர்க்க இரண்டு விநாடி போதும். ஓடுகிறவர் கடக்க வேண்டியது 60 அடி. மிக வேகமானவருக்கும் மூன்று விநாடிக்குக் கொஞ்சம்தான் குறையும். பந்து வந்த பிறகு அவரைத் தொட ஒரு கணம் வேண்டும் என்பதால்தான் ஸ்டீலுக்கே இடமிருக்கிறது. புறப்படுவதில் ஒரு நொடித்துளி தாமதித்தால் அந்த இடமும் போச்சு.

அப்படியானால் முன்கூட்டியே கிளம்பிவிடலாமே? முடியாது. பேஸ்பாலில் பேஸைவிட்டுச் சில அடி தள்ளி நிற்கலாம். வேகப்பந்து சாஃப்ட்பாலில் பிட்சர் கையிலிருந்து பந்து விடுபடும்வரை கால் பேஸிலேயே இருக்க வேண்டும். கிரிக்கெட்டில் பந்து வீசும் முனையில் நிற்கும் பேட்ஸ்மேன் அவசரப்பட்டுக் கிரீஸைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை 2019 ஐபிஎல்லில் அஸ்வின் பட்லரை ரன் அவுட் செய்து காட்டினார், நினைவிருக்கும். இங்கே அந்த வேலையை அம்பயரே செய்துவிடுவார்: கால் முந்தினால் அவுட்.

ஆனால் விதி காலைத்தான் கட்டுகிறது, உடம்பை அல்ல. இதில்தான் அழகே இருக்கிறது. இடது பாதத்தைப் பேஸின் முன் விளிம்பில் அழுத்தி, வலது காலைப் பின்னால் வைத்து, முழங்கால் மடக்கி நிற்பார்கள். பிட்சரின் கை காற்றாலை போல் சுழன்று உச்சிக்குப் போகும்போது பின்கால் கிளம்பிவிடும், உடல் எடை முன்னே சாயும். வலது கால் தரையைத் தொடும் நேரத்தில் பந்து விடுபட, இடது பாதம் பேஸை உதைத்து எழும். ஒரு கால் முன்னே வைத்து, ஓட்டப் பந்தய வீரர்போல நின்று கிளம்புவதும் உண்டு. கற்க அது எளிது. ஆனால் நின்ற உடம்பை அசைக்கவே நேரம் போகும். அதனால் நான் முந்தைய முறையின் பக்கம்.

கண் எங்கே இருக்க வேண்டும்? வலக்கை பிட்சர் என்றால், முதல் பேஸிலிருந்து பார்ப்பவருக்கு இடுப்பருகே பந்தை விடும் கை அவர் உடம்புக்கு அந்தப் பக்கம் மறைந்துவிடும். பந்தைத் தேடினால் ஏமாற்றம்தான். உச்சியில் தெரியும் கையையும், தரையில் ஊன்றும் அவர் முன்காலையும் பார்த்தே பந்து விடுபடும் கணத்தைக் கணிக்க வேண்டும்.

முதல் சில அடிகளில் நிமிரக் கூடாது. பிறகு இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை போதும். பந்து உயரே அடிபட்டிருந்தால் திரும்பி வர வேண்டியிருக்கும்.

பயிற்சியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல மைதானங்களில் விசில் ஊதித்தான் பிள்ளைகளை ஓடவிடுகிறார்கள். ஆட்டத்தில் யாரும் விசில் ஊதப் போவதில்லை. ஒரு பிட்சரை நிறுத்துங்கள். பந்துகூட வேண்டாம், அவர் கையைச் சுழற்றிக் காலை ஊன்றினால் போதும்.