நோயுற்ற தந்தையும் சிறு பிள்ளைகளும்

 

எனக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். 21 நாட்களுக்கு ஒரு முறை மருந்து ஏற்றுகிறார்கள். நான்கு முறை முடிந்துவிட்டது. அம்மருந்தின் வீரியத்தால் தாடியும் உதிர்ந்தது. பெரியவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். என் ஏழு வயது மகள் மட்டும் உற்றுப் பார்ப்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள். ஒருநாள் சஹனில் உணவு வைத்தபோது, தனக்குத் தனித்தட்டு கேட்டாள். வாப்பாவின் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்!

தவறு என்னுடையதே. மறைப்பதுதான் அன்பு என்று எண்ணியிருந்தேன். அன்றிரவே அவளை அருகில் அமர்த்தி, நோயின் பெயரைச் சொன்னேன். இது தொட்டாலோ உடன் உண்டாலோ பரவாது. மருந்தால் எனது வெள்ளணுக்கள் குறைவதால், உனது சளியும் காய்ச்சலும்தான் எனக்கு ஆபத்து என்றேன். "வாப்பா மௌத்தாகிவிடுவீர்களா?" என்றாள். அது அல்லாஹ்வின் நாட்டம், குணமாகவே வைத்தியம் செய்கிறேன் என்றேன். மறுநாள் சஹனில் வந்து அமர்ந்தாள்.

ஹஜ்ஜத்துல் விதாவின்போது, ஹிஜ்ரி 10-இல், ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) கடும் நோயுற்றார்கள். வாரிசாக ஒரே மகள். சொத்தில் பெரும்பகுதியைத் தர்மம் செய்ய நாடியபோது, மூன்றில் ஒன்றே அதிகம் என நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தார்கள். இதனை வஸிய்யத்துச் சட்டமாகவே ஓதிக்கொடுத்து வந்தேன். அந்த ஸஹாபி பிழைத்தெழுந்து, மேலும் பிள்ளைகளைப் பெற்று, நெடுங்காலம் வாழ்ந்தார்கள் என்பது மருத்துவமனைக் கட்டிலில்தான் நெஞ்சில் உறைத்தது.

ஒரு வேண்டுகோள். நலம் விசாரிக்க வருவோர் என் பிள்ளைகளின் தலையைத் தடவிப் பெருமூச்சு விட வேண்டாம். அவர்களிடம் பள்ளிப் பாடத்தைக் கேளுங்கள். நோயைப் பற்றி என்னிடமே கேளுங்கள், சொல்கிறேன்.