சத்தம் போடாத டிரம்ஸ்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தமும் அடுத்துக் காத்திருப்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் குடியிருப்பில் பாடுகிறவர்கள் உண்டு, கிடார், கீபோர்டு வாசிக்கிறவர்கள் உண்டு. டிரம்ஸ் கற்க ஆசைப்படும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் டிரம்ஸ் என்றால் சங்கத்துக்கு வருவது புகார்தான். புகார் கொடுப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. பக்கத்தில் நின்றால் டிரம்ஸ் 100 டெசிபலைத் தாண்டும். எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கி ஹெட்ஃபோன் மாட்டினாலும், காலால் மிதிக்கும் பெடலின் அதிர்வு கீழ் வீட்டு மேற்கூரையில் "தொம் தொம்" என்று இறங்கும்.

அதற்காக "வாசிக்காதே" என்று பிள்ளைகளிடம் சொல்லும் சங்கமாக நாம் ஆகிவிடலாமா? வேண்டாம். வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரே டிரம்ஸ் வாசிக்கும். செலவு இல்லை, சத்தமும் இல்லை.

1980-இல் அமெரிக்காவில் ரோஜர் லின் என்பவர், உண்மையான டிரம்ஸ் ஒலிகளைப் பதிவு செய்து சிப்பில் ஏற்றிய எல்.எம்-1 என்ற இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை சுமார் 5,000 டாலர். அதன் அடிப்படை வேலையை இன்று இலவச மென்பொருள் செய்கிறது.

நான் முதலில் சிபாரிசு செய்வது 'ஹைட்ரஜன்'. இது திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். திறந்தால் ஒரு பேரேடு மாதிரி இருக்கும். இடது பக்கம் கருவிகளின் பெயர்கள், வலது பக்கம் காலக் கட்டங்கள். எந்தக் கட்டத்தில் மவுஸால் தட்டுகிறீர்களோ அங்கே அந்தக் கருவி ஒலிக்கும்.

வீட்டுக்குப் போய் இதைச் செய்து பாருங்கள். ஒரு வரிசையில் 16 கட்டங்கள். கிக் டிரம்முக்கு 1, 9. ஸ்நேருக்கு 5, 13. ஹை-ஹாட்டுக்கு 1, 3, 5 என்று ஒற்றைப்படைக் கட்டங்கள் எல்லாம். பிளே பொத்தானை அழுத்தினால், எத்தனையோ சினிமாப் பாட்டுகளில் கேட்ட அந்த அடிப்படைத் தாளம் வந்துவிடும்.

நம் தாளங்களும் இதில் அடங்கும். ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கைக்கு 16 கட்டப் பேட்டர்ன் இரண்டை அடுத்தடுத்து வையுங்கள். ரூபகத்துக்குப் பேட்டர்ன் அளவை 12 கட்டமாகக் குறையுங்கள், மிஸ்ர சாபுவுக்கு 14. மிருதங்க ஒலி வேண்டுமா? வீட்டில் மிருதங்கம் இருந்தால் தா, தீ, தொம், நம் என்று ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகப் பதிவு செய்து, வேவ் கோப்பாக ஹைட்ரஜனில் ஏற்றலாம். வெளிநாட்டு டிரம்ஸ் மட்டும்தான் இதில் உண்டு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கொஞ்சம் கணக்கும் போடுவோம். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் மூன்று நிமிடப் பாட்டுக்கு 360 தட்டு, நாலு நாலாக 90 ஆவர்த்தனம். தொண்ணூறையும் தட்ட வேண்டியதில்லை. பல்லவிக்கு ஒன்று, சரணத்துக்கு ஒன்று, இடையில் ஓர் உருட்டு என மூன்று நான்கு பேட்டர்ன் செய்துகொண்டு வரிசையாக அடுக்கினால் போதும். எல்லா அடியும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் தையல் மெஷின் மாதிரிக் கேட்கும். அடிகளின் அழுத்தத்தையும் நேரத்தையும் லேசாக மாற்ற ஹைட்ரஜனிலேயே திருகுகள் இருக்கின்றன. அவற்றைக் கொஞ்சமாகத் திருப்புங்கள்.

முடிந்ததும் வேவ் கோப்பாக எடுத்து, 'ஆடாசிட்டி' என்ற இன்னொரு இலவச மென்பொருளில் போட்டு, அதன் மேல் பாட்டைப் பதிவு செய்யலாம். அப்போது ஹெட்ஃபோன் கட்டாயம், இல்லாவிட்டால் டிரம்ஸும் மைக்கில் ஏறிவிடும். வயர் உள்ள ஹெட்ஃபோனே நல்லது, ப்ளூடூத் தாமதமாக ஒலிக்கும். கீபோர்டு வழியாகக் கையால் வாசிக்கிறவர்கள் 'பஃபர்' அளவையும் பார்க்க வேண்டும். 2048 என்று இருந்தால் தட்டியபின் ஒலி வர 46 மில்லிசெகண்ட் அதில் மட்டுமே போகும், தாளம் நழுவும். 512-க்குக் குறைத்தால் அது 12 மில்லிசெகண்டுக்குள் வந்துவிடும்.

மேக், ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு 'கராஜ்பேண்ட்' இருக்கிறது, தனியாக எதுவும் தேட வேண்டாம். ரெக்கார்டிங் மென்பொருள் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் 'எம்.டி. பவர் டிரம்கிட் 2' என்ற இலவச இணைப்பைப் பார்க்கலாம். திறக்கும்போது நன்கொடை கேட்கும், வேண்டாமென்றால் தாண்டிப் போகலாம். தயாரான தாளங்களும் அதில் நிறைய உண்டு.

இனி நான் பேச வந்த முக்கியமான விஷயம். இலவசத்தில் நான்கு வகை உண்டு. முழுக்க இலவசம், விருப்பப்பட்டால் நன்கொடை, பெரிய பொருளின் சிறிய மாதிரி, சில நாள் சோதனை. இந்த நான்கும் நேர்மையானவை. ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, 'கிராக்' என்பார்கள். பல ஆயிரம் ரூபாய் மென்பொருள் சும்மா கிடைக்கும், நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வை என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நான் பணிக்காலம் முழுவதும் வங்கியில் இருந்தவன். பேரன் பாட்டுப் போடும் அதே கம்ப்யூட்டரில்தான் தாத்தா பென்ஷன் கணக்கைப் பார்க்கிறார், அம்மா மின்கட்டணம் கட்டுகிறார். பாஸ்வேர்டைத் திருடும் நிரல் ஒன்று அந்தக் கிராக்கோடு உள்ளே வந்தால், போவது பையனின் பாட்டு அல்ல, வீட்டின் சேமிப்பு.

ஆகவே நாலு விதி. மென்பொருளை அதைத் தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் 'விளம்பரம்' என்று முதலில் நிற்பதைத் தொடாதீர்கள். இலவசம் என்று சொல்லிவிட்டு கார்டு எண்ணோ ஓ.டி.பி.யோ கேட்டால் உடனே வெளியே வாருங்கள். முடிந்தால் பழைய லேப்டாப் ஒன்றை இசைக்கென்று ஒதுக்கி, அதில் வங்கி வேலையே செய்யாதீர்கள். இத்தனைக்கும் மேல் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். நேரம் கடக்கக் கடக்கப் பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பு குறையும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் கிராக்கைத் தேடுவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல, நேர்வழியில் இலவசம் இருக்கிறது என்று யாரும் சொல்லாததால்தான். சொல்ல வேண்டியது நாம்.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு கோரிக்கையுடன் முடிக்கிறேன். அடுத்த கலைவிழாவில் பிள்ளைகள் வீட்டிலேயே தயாரித்த பாடல்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: பயன்படுத்திய மென்பொருள் அத்தனையும் முறையானதாக இருக்க வேண்டும். ஹைட்ரஜனை நிறுவ உதவி வேண்டுமென்றால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள், வந்து செய்து தருகிறேன்.

இனி லிஃப்ட் விஷயத்துக்குப் போகலாம்.